நாய்க்கு ஒரு டாக்டர். அதற்கும் மேலே இன்னொரு டாக்டரா?



தோட்டத்துக் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் உடம்புக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மாதத்தில் இரண்டு பேராவது வீட்டு நாய்க்காகவோ பூனைக்காகவோ வந்து வாசலில் நிற்கிறார்கள். "டிரசர் ஐயா, நாய் இரண்டு நாளாய்ச் சாப்பிடல. ஒரு ஊசி குத்திவிடுங்களேன்" என்பார் ஒருவர். "பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு, பிள்ளைக்குக் கொடுக்கிற சிரப்பைக் கொடுக்கலாமா?" என்று கேட்பார் இன்னொருவர். "மிருக டாக்டரிடம் கொண்டு போங்கள்" என்று நான் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறார்: "மனுசனுக்கே பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்கமாட்டேங்குது. நாய்க்கு டாக்டராம், அதற்கும் மேலே ஸ்பெஷலிஸ்டாம்!"

இந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வளர்க்கும் பிராணிக்கு எப்போது டாக்டர் வேண்டும், எப்போது பெரிய டாக்டர் வேண்டும், எப்போது இரண்டும் வேண்டாம் என்று தெரிந்து வைத்திருப்பது பணக்காரன் வேலை அல்ல. காசை எண்ணிச் செலவு செய்கிறவனுக்குத்தான் அந்த விவரம் அதிகம் தேவை. காலம் தாழ்த்திப் போகிறவன் காசையும் இழக்கிறான், பிராணியையும் இழக்கிறான். சில சமயம் வீட்டிலுள்ள பிள்ளைகளின் சுகத்தையும் இழக்கிறான்.

ஏன் நான் ஊசி போடுவதில்லை?

நான் மனம் இல்லாமல் மறுக்கவில்லை. தோட்ட மருத்துவ உதவியாளர்களை மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு செய்கிறது. மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்கு 1974-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மனிதனுக்கு மருந்தாக இருப்பது மிருகத்துக்கு விஷமாகலாம். இதை நன்றாக மனத்தில் வையுங்கள்.

நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் பனாடோலை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனின் ஈரல் அதைப் பக்குவப்படுத்தி வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடுவதே காரணம். மூட்டுவலிக்கு நாம் போடும் ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைமேல் தடவினால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும். காயத்தில் டெட்டாலை ஊற்றுவது, புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றுவது, இவையெல்லாம் வைத்தியம் ஆகா. பூனை தன் உடம்பை நக்கும். நக்கினால் அந்த மருந்து வயிற்றுக்குள் போகும்.

ஆகவே வீட்டில் மருந்து தேடாதீர்கள். கண்ணையும் கையையும் பயன்படுத்துங்கள்.

கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியவை

கிளினிக்கில் ஒரு நோயாளி வந்தால் நான் முதலில் என்ன பார்க்கிறேன்? நிறம், மூச்சு, சூடு, நினைவு. மிருகத்துக்கும் அதே நான்குதான்.

உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். (சில நாய்களுக்கு ஈறு இயற்கையிலேயே கறுப்பாக இருக்கும், அப்படியானால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.) காகிதம் போல் வெளுத்திருந்தாலும், மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தாலும் அது ஆபத்து. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது சாதாரணமே அல்ல. நாய், பூனைகளின் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம். ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். அதனால் "தொட்டால் சுடுது, காய்ச்சல்" என்று கையை வைத்தே முடிவு கட்டிவிட முடியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, எழுந்து நடக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்து, நாய் ஒருவேளை மட்டும் சாப்பிடாமல் இருக்கிறது, அல்லது ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு வாலை ஆட்டுகிறது என்றால் பதற வேண்டாம். தண்ணீர் வைத்து, ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் டாக்டரிடம் ஓடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் குட்டிக்கு இந்தப் பொறுமை கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாமல் இருந்தாலும் பொறுக்கக் கூடாது. பட்டினியாலேயே அதன் ஈரலில் கொழுப்பு ஏறிக் கெட்டுவிடும்.

'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லக் கூடாத நேரங்கள்

சில நோய்களுக்கு நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆண் பூனை மூத்திரம் போக முடியாமல் முக்குவது: மண்ணில் போய்ப் போய் உட்காரும், கத்தும், நக்கிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு வராது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். குழாய் அடைபட்டிருக்கிறது. ஓரிரு நாளில் சிறுநீரகம் கெட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இருதயம் நின்றுவிடும். அன்றைக்கே போக வேண்டும்.

குட்டி போடும் நாய் அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராதது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுவது. முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சை நிறத்தில் நீர் வடிவது. இவற்றுக்கெல்லாம் அறுவை தேவைப்படலாம்.

கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் சோர்ந்து போய், குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பது, வயிறு உப்புவது, பின்புறம் சீழ் வடிவது. கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது. சீழ் வெளியே வராமல் உள்ளே அடைபட்டிருந்தால் இன்னும் மோசம்.

பெரிய நாய் வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், வயிறு தம்பட்டம் போல் உப்புவது: இரைப்பை முறுக்கிக்கொண்டது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இழுப்பது, அல்லது ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வருவது.

குட்டி நாய்க்கு வாந்தியும் நாற்றமடிக்கும் இரத்தபேதியும்: பார்வோ என்னும் நோயாக இருக்கலாம். டிரிப் ஏற்றி உடம்பில் நீர் வற்றாமல் காப்பாற்றினால் பிழைக்க வழியுண்டு. வீட்டில் வைத்து அரிசிக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு லயத்தில் ஒரு குட்டிக்கு வந்தால் அடுத்த லயத்துக் குட்டிகளும் தப்பாது. சிமெண்டுத் தரையை குளோராக்ஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து கழுவுங்கள்.

மோட்டார் சைக்கிளோ லாரியோ மோதியது: வெளியே இரத்தமே இல்லாவிட்டாலும் கொண்டு போக வேண்டும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இரத்தம் கசிவது நம் கண்ணுக்குத் தெரியாது. பலகையில் படுக்கவைத்துத் தூக்குங்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் தொங்கத் தூக்கும்போது இன்னும் கெடும்.

தோட்டத்துக்கே உரிய ஆபத்துகள்

பட்டணத்து நாய்க்கு இல்லாத ஆபத்துகள் சில நம் நாய்களுக்கு உண்டு.

செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி விஷம் அதில் முதலாவது. அதைத் தின்ற நாய் அன்றைக்குச் சாகாது. மறுநாளும் நன்றாகத்தான் ஓடும். இரத்தம் உறைய வேண்டிய சக்தி கொஞ்சம் கொஞ்சமாய்த் தீர்ந்து, மூன்று முதல் ஐந்து நாளில்தான் குணம் தெரியும். சோர்வு, வெளுத்த ஈறு, மூச்சு வாங்குதல், மூக்கிலும் மலத்திலும் இரத்தம். "நேற்றுவரை நல்லாத்தானே இருந்துச்சு, யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு, வைட்டமின் கே-1. முன்கூட்டியே கொண்டு போனால் காப்பாற்றலாம். ஆனால் வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும். நாய் தெளிந்துவிட்டது என்று ஐந்தாம் நாளே நிறுத்தினால் மறுபடி இரத்தம் கசியும். விஷப் பொட்டலத்தின் உறையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். மேனேஜரிடமோ கிராணியிடமோ அந்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். விஷத்தின் பெயர் தெரிந்தால் டாக்டரின் வேலையில் பாதி முடிந்தது.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் தோழர் ஒருவரின் நாய் மெழுகுக் கட்டியைக் கவ்வியதை அவருடைய மகள் பார்த்துவிட்டாள். அவர் அன்றே உறையோடு டவுனுக்குக் கொண்டு போனார். நாய் நன்றாகத்தான் இருக்கிறதே, எதற்கு வீண் செலவு என்று லயமே அவரைக் கேலி செய்தது. நாய் இன்றைக்கும் அவர் வாசலில் படுத்திருக்கிறது. கேலி செய்த வீட்டில் சில மாதம் கழித்து ஒரு நாய் செத்தது. அவர்கள் கொண்டு போன நாள் ஆறாவது நாள்.

இரண்டாவது, தெளிப்பு மருந்து. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கேன்கள் எங்கேயாவது கிடந்தால் தொடாதீர்கள்; நிர்வாகத்திடம் சொல்லுங்கள். மற்ற பூச்சி மருந்துகளும் களைக்கொல்லிகளும் இருக்கின்றன. எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, கண்ணின் பாவை ஊசிமுனை போல் சுருங்கினால் பூச்சி மருந்து உள்ளே போயிருக்கிறது என்று எண்ணி உடனே ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி மருந்துக் கேனைக் கழுவி நாய்க்குத் தண்ணீர் வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பாம்பு. கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். புறப்படும் முன் கிளினிக்குக்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் அது இருப்பில் இருக்காது. இருக்கிற இடம் தெரியாமல் மூன்று கடை ஏறி இறங்கினால் அதற்குள் கதை முடிந்துவிடும். நாகம் கண்ணில் துப்பியிருந்தால் நிறையத் தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டே கொண்டு போங்கள்.

நான்காவது, உண்ணிக் காய்ச்சல். உண்ணி மொய்த்த நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். சோதனைக்குப் பின் கொடுக்கும் மருந்து நன்றாக வேலை செய்யும். சோதிக்காமல் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையால் பயன் இல்லை.

நாய் நோய் நம் வீட்டு நோய்

"நாய் செத்தால் செத்துட்டுப் போகுது" என்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். சில நோய்கள் நாயோடு நிற்பதில்லை.

ஒரு தாய் கையில் புண்ணோடு என்னிடம் வந்தார். விரலில் ஒரு கொப்புளம்; அதிலிருந்து முழங்கை வரை வரிசையாகக் கட்டிகள். என்ன மருந்து தடவியும் ஆறவில்லை. "வீட்டில் பூனை இருக்காம்மா?" என்று கேட்டேன். இருந்தது. அதன் மூக்கிலும் பாதத்திலும் ஆறாத புண். ஸ்போரோட்ரைகோசிஸ் என்னும் பூஞ்சைக் காளான் நோய் இது. நம் நாட்டில் பெரும்பாலும் பூனையின் பிறாண்டலாலும் கடியாலும் மனிதருக்கு வருகிறது. நான் அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பூனையைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். இருவருக்கும் மாதக்கணக்கில் மருந்து. பூனைக்குப் புண் ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் மருந்தை நிறுத்தக் கூடாது. தாய்க்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பூனையை அப்படியே விட்டிருந்தால், அடுத்தது அந்த வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்கும். மூக்கில் ஆறாத புண் உள்ள பூனையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் நமக்கும் வரும், நாய்க்கும் வரும். நாய்க்குக் கண் மஞ்சளாகி, வாந்தி எடுத்தால் அதன் மூத்திரத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநாய்க்கடி நோயான ரேபிஸ். இது நம் நாட்டில் இல்லை என்று நிம்மதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவி, மனித உயிர்களைப் பலி வாங்கியது. நோயின் குறி தெரிந்த பிறகு மனிதனுக்கும் சரி, நாய்க்கும் சரி, காப்பாற்ற மருந்து இல்லை என்றே சொல்லலாம். காரணமில்லாமல் சீறிக் கடிக்கிற நாய், குரல் மாறிய நாய், தாடை தொங்கி எச்சில் ஒழுகுகிற நாய், விழுங்க முடியாமல் தவிக்கிற நாய், இவற்றை நீங்களே பிடித்துக் கட்டப் போகாதீர்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூச வேண்டாம்.

அப்படியானால் பெரிய டாக்டர் எப்போது?

நம் வைத்திய முறையை நினைத்துப் பாருங்கள். தோட்டக் கிளினிக்கில் முடியாததை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். அங்கே முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மிருக வைத்தியத்திலும் அதே படிதான். முதல் படி மாவட்டக் கால்நடை இலாகா அலுவலகம், அல்லது டவுனிலுள்ள தனியார் மிருகக் கிளினிக். தடுப்பூசி, புழு மருந்து, கருத்தடை, சாதாரணக் காயம், உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். அதற்கு மேல் படி, ஸ்கேன், அறுவைக்கூடம், இரத்தம் ஏற்றும் வசதியெல்லாம் உள்ள பெரிய மருத்துவமனை. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையைச் சொல்லலாம். 1970-களில் விவசாயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய காலத்திலிருந்தே நம் நாட்டுக்குக் கால்நடை மருத்துவர்களை உருவாக்கி வரும் இடம் அது.

மேல் படிக்குப் போக வேண்டிய நேரங்கள் என்று நான் நினைப்பவை இவை. திடீரென்று பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப் போவது. இதில் ஓரிரு நாள் தாமதமும் பெரிய நஷ்டம். கண் பிதுங்குவது, அல்லது கண்ணில் ஆழமான புண். கம்பியோ தகடோ வைத்துக் கட்ட வேண்டிய எலும்பு முறிவு. மருந்து கொடுத்தும் அடங்காத வலிப்பு. இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை. வளர்ந்துகொண்டே போகும் கட்டி. இருதய நோய். இவற்றோடு, ஒரே நோய்க்கு இரண்டு மூன்று தடவை மருந்து வாங்கியும் குணமாகவில்லை, என்ன நோய் என்றே பெயர் சொல்ல முடியவில்லை என்ற நிலையும் சேரும்.

கடைசியில் சொன்னதில்தான் நம் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். வாரா வாரம் அதே ஊசி, அதே மாத்திரை. ஆறு மாதத்தில் கொடுத்த காசைக் கூட்டினால், ஒரு தடவை பெரிய இடத்துக்குப் போய் நோயைக் கண்டுபிடித்திருக்கலாம். "டாக்டர், மேலே அனுப்பிப் பார்க்கலாமா? ஒரு கடிதம் தருவீர்களா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் ஆண்டுக்கு எத்தனை கடிதம் எழுதுகிறேன்! அதனால் என் மதிப்பு குறைந்துவிட்டதா?

போகும்போது பழைய மருந்துப் பைகள், தடுப்பூசி அட்டை, சோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வாந்தியையும் மலத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் அதையும் படம் பிடித்துக் காட்டுங்கள். டாக்டர் முன்னால் அது வராது. வலியுள்ள நாய் எஜமானையும் கடிக்கும். மூச்சுத் திணறலும் வாந்தியும் இல்லாவிட்டால் துணியால் வாயைக் கட்டுங்கள். பூனையைத் தலையணை உறையிலோ மூடியுள்ள கூடையிலோ வைத்துக் கொண்டு போங்கள்.

காசு எங்கே?

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் வீட்டுச் செலவு, பள்ளிச் செலவு, மோட்டார் தவணை போக என்ன மிஞ்சும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய அறுவை என்றால் ஒரு மாதச் சம்பளமே போய்விடலாம்.

அதனால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? பிழைத்து நன்றாக வாழும் வாய்ப்பு எவ்வளவு? முடிவு வரை மொத்தம் எவ்வளவு ஆகும்? மூன்றுக்கும் பதில் கேட்டபின் குடும்பத்தோடு கலந்து முடிவு செய்யுங்கள். குறைந்த செலவில் வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள்; பல சமயம் உண்டு. நாய்க்காக ஆலோங்கிடம் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடன் நாயின் ஆயுளைவிட நீளமானது.

வைத்தியம் பார்க்க முடியாது, பார்த்தாலும் வேதனைதான் மிச்சம் என்ற நிலை வரலாம். அப்போது டாக்டர் ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை விடச் செய்வது பாவம் அல்ல. எங்கள் தோட்டத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் பதினான்கு வயது நாய்க்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக மகன் தயாராக இருந்தான். டாக்டர் விவரத்தை எடுத்துச் சொன்னதும் பாட்டி, "போதும்பா, அதைக் கஷ்டப்படுத்தாதே" என்றார். அவர் செய்ததும் சரியான வைத்தியம்தான். சாக்கில் கட்டிக் காட்டில் விட்டு வருவதும், சோறு தண்ணீர் வைக்காமல் சாகட்டும் என்று விடுவதும்தான் பாவம். குற்றமும் கூட. 2015-ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டப்படி, கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சங்கம் என்ன செய்யலாம்?

ஒருவர் தனியாக முடியாததைச் சேர்ந்து செய்யத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்? தோட்டக் கமிட்டி மாவட்டக் கால்நடை இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். ஆண்டுக்கு ஒருநாள் தோட்டத்துக்கே வந்து தடுப்பூசியும் புழு மருந்தும் போட முடியுமா என்று கேட்கட்டும். கருத்தடைக்குப் பத்து நாயைச் சேர்த்துக் கொண்டு போனால் விலை குறைப்பார்களா என்று டவுன் கிளினிக்கில் பேசட்டும். கருத்தடை செய்தால் கர்ப்பப்பைச் சீழ் நோய் வராது. வேண்டாத குட்டிகளும் பிறக்கா. எலி விஷம் எந்த நாளில் எந்த நிரையில் வைக்கிறார்கள், எந்த நாளில் மருந்து தெளிக்கிறார்கள் என்று முன்னறிவிப்புப் பலகை வைக்கும்படி நிர்வாகத்தைக் கேட்கட்டும். நாய்க்கு மட்டுமா அந்த அறிவிப்பு? காட்டில் விளையாடும் பிள்ளைகளுக்கும் அதுதானே பாதுகாப்பு!

தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போகும்போது நாய்கள் பழைய லயத்து வாசலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். வீடு மாறும் முன்பே அவற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதும் கமிட்டி கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

தோழர்களே, விடியற்காலை பிரட்டுக்கு நாம் போன பிறகு வீட்டையும் பிள்ளைகளையும் காவல் காக்கிற பிராணி அது. அதற்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, சொக்சோவும் இல்லை. வாய் திறந்து வலியைச் சொல்லவும் தெரியாது. அதற்காகப் பார்ப்பதும் பேசுவதும் நம் கடமை. இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும், இரவில் திறந்திருக்கும் மிருகக் கிளினிக்கின் எண்ணையும் விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அடுப்படிச் சுவரில், எல்லாரும் பார்க்கிற உயரத்தில் அதை ஒட்டி வையுங்கள்.